உப்புக்காற்றில் ஓடும் காருக்குக் கொயிலோவர்: தெரிவு முதல் பூட்டுவது வரை

மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் ஒரு கராஜ். என் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஜாக்கில் நிற்கிறது. அதில் பூட்டியிருப்பது கொயிலோவர், அதாவது உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷொக் செட். ஸ்பிரிங்கைத் தாங்கும் மரை வளையம்தான் கொலர். மெக்கானிக் அண்ணன் கொலர்ச் சாவியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்காத குறை. கொலர் அசையவில்லை. எண்ணெய் அடித்தார், சூடு காட்டினார், சாவியின் வாலில் சுத்தியலால் போட்டார். கடைசியில் கொலரின் பல்தான் உடைந்து தெறித்தது.

"இத இனி கழட்ட ஏலா மனே. வெட்டித்தான் எடுக்கோணும்" என்றார்.

பூட்டி இரண்டு மாரிதான் ஆகியிருந்தது. வாங்கும்போது எத்தனை கிளிக் (ஷொக்கின் இறுக்கத்தை மாற்றும் குமிழின் படிகள்), என்ன நிறம், கார் எவ்வளவு பதியும் என்று மூன்றையும் நன்றாக விசாரித்துத்தான் வாங்கினேன். அந்த மூன்றும் கடைசியாகக் கேட்க வேண்டியவை என்பது பிறகுதான் விளங்கியது. முதலில் பார்க்க வேண்டியது ஷொக்கின் பயண தூரம், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் அந்த எண்ணெய்க் குழாயின் தண்டு எவ்வளவு உள்ளே வெளியே ஓடும் என்பது. அடுத்தது ஸ்பிரிங்கின் கடினம். அதன் பிறகு ஷொக்கின் வகை. அதோடு சேர்த்து, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்கிற நமக்கு மட்டும் மேலதிகமாக ஒன்று: உப்பு. உயரத்தைத் தீர்மானிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

1. ஒரு கிழமை காரைக் கவனியுங்கள்

கொயிலோவர் பற்றி இணையத்தில் படிப்பதில் பெரும்பகுதி ஜப்பான் மலைப்பாதையையோ ஜேர்மனி ஓட்டுபாதையையோ மனதில் வைத்து எழுதியவை. நம் கார் ஓடுவது வேறு இடம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை ஏ4 வீதி நல்ல காபட். நேராகக் கிடக்கும், மேடு பள்ளம் கிடையாது. ஆனால் அதிலிருந்து கிறுகி ஊருக்குள் இறங்கினால் கொங்கிறீட் ஒழுங்கை, அதன் முடிவில் மண். பாடசாலைக்கு முன்னால் வேகத்தடை. வயல் பக்கம் போனால் மதகுக்கு மதகு ஒரு எகிறல். அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய உழவு இயந்திரம் முன்னால் போகும், திடீரென்று வீதி ஓரத்துக்கு இறங்க வேண்டி வரும். இரவில் மாடுகள் தார்ச்சூட்டில் படுத்துக் கிடக்கும்.

வளைவு வேண்டுமென்றால் செங்கலடியில் ஏ5இல் ஏற வேண்டும். மகாஓயா, பிபிலை, லுணுகலை, பதுளை என்று ஏறி நுவரெலியா ஊடாகப் பேராதனை வரை போகிற வீதி அது. 1934இல் தொடங்கிய கார் மலையேற்றப் போட்டி நடக்கிற மகாகஸ்தொட்ட நுவரெலியாவில்தான் இருக்கிறது. ஆக, நம் ஊரில் தொடங்கும் வீதியே போட்டி நடக்கும் ஊருக்குக் கொண்டு போய் விடுகிறது. ஆனால் வருடத்தில் எத்தனை நாள் அங்கே போகிறோம்?

ஆகவே ஒரு கிழமைக்கு எங்கெங்கே ஓடினீர்கள் என்று ஃபோனில் குறித்து வையுங்கள். நூறு கிலோமீற்றரில் எண்பது ஏ4இலும் ஒழுங்கையிலும்தான் என்றால், அந்த எண்பதுக்குத்தான் கொயிலோவர் தேட வேண்டும். கட்டுக்குருந்த ஓட்டுபாதைக்கு வருடத்தில் ஒருநாள் போவதற்காக மீதி 364 நாளும் இடுப்பு நோகத் தேவையில்லை.

இந்தக் கிழமையிலேயே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். இப்போது பூட்டியிருக்கும் ஷொக்கின் தண்டில், இரப்பர் உறையை உயர்த்திவிட்டு, ஒரு சிறிய கேபிள் டையைக் கட்டி, ஷொக்கின் வாய் வரை கீழே தள்ளி விடுங்கள். கார் அமுங்க அமுங்க ஷொக்கின் உடல் அந்தக் கட்டை மேலே தள்ளிக்கொண்டு போய் அங்கேயே விட்டுவிடும். கிழமை முடிவில் அளந்து பார்த்தால், உங்கள் வீதிகள் உங்கள் காரிடம் எவ்வளவு பயணம் கேட்கின்றன என்பது மில்லிமீற்றரில் கையில் இருக்கும். ஐந்து ரூபாய்ச் சாமான் சொல்லும் இந்தக் கணக்கை எந்த விற்பனையாளரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்.

2. காருக்குக் கீழே என்ன இருக்கிறது?

கொயிலோவர் என்பது சுருள் ஸ்பிரிங்கும் அதன் நடுவில் செல்லும் ஷொக்கும் ஒரே அலகாக இருப்பது. சந்தையில் அந்தப் பெயரில் விற்பது, மரை போட்ட உடலில் கொலரைச் சுற்றி உயரம் மாற்றக்கூடிய செட்டை. இரண்டும் எப்போதும் ஒன்றல்ல. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் முன்பக்கம் மக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷொக்கே சில்லைப் பிடிக்கும் தூணாக நிற்பது), அங்கே உண்மையான கொயிலோவர்தான். பின்பக்கம் டோர்ஷன் பீம், இரண்டு பின்சில்லையும் இணைக்கும் குறுக்குத் தண்டு. ஸ்பிரிங் ஓரிடத்தில், ஷொக் வேறிடத்தில். செட் வாங்கினால் பின்னுக்குத் தனி ஸ்பிரிங், உயரம் மாற்றும் தனித் தட்டு, தனி ஷொக் என்றுதான் வரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அது அப்படித்தான்.

பழைய சிவிக் ஈகேயில் நான்கு பக்கமும் டபிள் விஷ்போன், அதாவது சில்லை மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் பிடிப்பது. பழைய இம்ப்ரெசா ஜீசி8இல் நான்கு பக்கமும் ஸ்ட்ரட். லான்சர் எவோவில் முன்னே ஸ்ட்ரட், பின்னே பல கைகள் பிடிக்கும் மல்டிலிங்க். இது ஏன் முக்கியம் என்றால், ஸ்பிரிங்கில் எழுதியிருக்கும் எண்ணும் சில்லில் உணரப்படும் கடினமும் ஒன்றல்ல. ஸ்ட்ரட்டில் சில்லு 10 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங்கும் கிட்டத்தட்ட 9.5 மி.மீ. அமுங்கும். டபிள் விஷ்போனில் ஸ்பிரிங் கீழ்க்கையின் நடுப்பகுதியில் நிற்பதால் ஆறரை மி.மீ. அளவில்தான் அமுங்கும். ஸ்பிரிங்கின் எண்ணை இந்த விகிதத்தால் இரண்டு தடவை பெருக்க வேண்டும். அதனால் சிவிக்கில் 10 கிலோ ஸ்பிரிங், 0.65ஆல் இரண்டு தடவை பெருக்கினால், சில்லில் 4.2 கிலோதான். ஸ்ட்ரட் காரில் 5 கிலோ ஸ்பிரிங், 0.95 விகிதத்தில், சில்லில் 4.5 கிலோ. பத்தும் ஐந்தும் சமமாகிவிட்டன. "மச்சான் தன்ர சிவிக்குக்குப் பத்துக் கிலோ போட்டான், நல்லா இருக்கு" என்று கேட்டு ஸ்விஃப்டுக்கும் பத்துப் போட்டவருக்கு என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கிலோ என்று இங்கே சொல்வது ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான கிலோ. ஐரோப்பியப் பெட்டியில் நியூட்டனில் இருந்தால் 9.8ஆல் வகுங்கள். அமெரிக்கப் பெட்டியில் அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்றிருந்தால் 56ஆல் வகுங்கள்.

வாங்குவதற்கு முன் இன்னும் ஒன்று. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாங்கள் எல்லோரும் பழைய காரையே தடவித் தடவி ஓட்டினோம். பதினைந்து, இருபது வருடத்துக் காரின் புஷ்களும் (கைகளின் மூட்டிலுள்ள இரப்பர்கள்) போல் ஜொயின்ட்களும் களைத்திருக்கும். கார் தளம்புகிறது, திருப்பினால் தாமதமாகக் கேட்கிறது என்பதற்குக் காரணம் பாதி நேரம் கீழ்க்கையின் பின் புஷ்தான். அதை மாற்றாமல் கொயிலோவர் பூட்டுவது ஓட்டைப் படகுக்குப் புது மோட்டார் வைப்பது மாதிரி. முதலில் புஷ்களை மாற்றுங்கள், நல்ல டயர் போடுங்கள், ஷொக் வடிந்திருந்தால் கம்பனித் தரத்தில் புதிது பூட்டுங்கள். அதோடு திருப்திப்பட்டுத் தேடலை நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். நிறுத்துவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

3. பயண தூரம்

இதைத்தான் நான் விசாரிக்கவே இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். கம்பனி ஸ்பிரிங்கில் சில்லுக்கு 2.5 கிலோ கடினம் என்று வையுங்கள். கார் நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டொப்பில் (ஷொக் அடிவரை அமுங்காமல் தடுக்கும் கட்டை) முட்டும் வரை 70 மி.மீ. இருக்கிறது. ஒரு மதகில் எகிறி விழும்போது முட்டும் முன் அந்தச் சில்லு தாங்கும் மேலதிகச் சுமை 175 கிலோ. இப்போது கொயிலோவர் பூட்டி 40 மி.மீ. பதித்தாயிற்று. ஸ்பிரிங் நன்றாகக் கடினமாகி சில்லுக்கு 4.5 கிலோ. ஆனால் மீதி இருப்பது 30 மி.மீ. முப்பதை நாலரையால் பெருக்கினால் 135 கிலோ. ஸ்பிரிங் கிட்டத்தட்ட இரட்டிப்புக் கடினம், ஆனாலும் முன்னைவிடச் சீக்கிரம் முட்டுகிறது. முட்டியதும் ஸ்பிரிங் இல்லாத கார்தான். பிறகு நாம் "ஸ்பிரிங் சரியான இறுக்கம்" என்று திட்டுவோம். உண்மையில் நம்மை அடிப்பது பம்ப் ஸ்டொப்.

வளைவில் இது இன்னும் மோசம். வெளிப்பக்கச் சில்லு பம்ப் ஸ்டொப்பில் உட்கார்ந்த கணத்தில் அந்தப் பக்கத்தின் கடினம் பலமடங்காகிவிடும். டயர் அந்தக் கணத்தில்தான் பிடியை விடும். லுணுகலைப் பக்கத்து வளைவில் அந்தக் கணம் வராமல் இருப்பது நல்லது.

இதிலிருந்து வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த ஷொக்கின் முழுப் பயணம் எவ்வளவு, நான் விரும்பும் உயரத்தில் அதில் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே மீதம் இருக்கும்? கேபிள் டை காட்டிய அளவைவிட மீதம் குறைவாக இருக்கக் கூடாது. ஸ்பிரிங் கடினமாகும்போது தேவை கொஞ்சம் குறையும், அதை நம்பிப் பாதியாக்கிவிடாதீர்கள். பதில் தெரியாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது, உயரம் மாறும் முறை. இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஸ்பிரிங்கின் கீழ்த் தட்டைச் சுற்றி ஏற்றி இறக்குவது. அப்படிப் பதிக்கும்போது ஷொக்கின் தண்டும் உள்ளே போய்விடும், மேல்நோக்கிய பயணம் குறையும். மற்றதில் ஷொக்கின் உடல் முழுவதும் அடிப்பகுதிக் குழாய்க்குள் மரையில் ஏறி இறங்கும். ஸ்பிரிங்கையும் தண்டையும் தொடாமலே உயரத்தை மாற்றலாம். முழுநீள முறை என்பார்கள். முடிந்தால் இதையே எடுங்கள். இதிலும் டயர் உள் மட்காட்டில் முட்டும் எல்லை ஒன்று இருக்கிறது. பயணம் காப்பாற்றப்பட்டது என்று அடிவரை இறக்கினால் டயர் தேயும் வாசம் வரும்.

ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது பற்றி ஒரு வார்த்தை. கொலரை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று கராஜுக்குக் கராஜ் சொல்வார்கள். எவ்வளவு அமுங்கினாலும் ஒரே கடினம் உள்ள நேர்விகித ஸ்பிரிங்கில் அப்படி ஆகாது. 5 கிலோ ஸ்பிரிங்கை 10 மி.மீ. முன்கூட்டி அமுக்கி வைத்தாலும் அது 5 கிலோதான். காரின் உயரம் ஏறும். தண்டு கூடுதலாக வெளியே நிற்கும். சில்லு கீழே இறங்க இருக்கும் இடம் குறையும். அந்த இடமும் தேவை. குழியில் சில்லு இறங்காவிட்டால் கார் இறங்கும். ஸ்பிரிங் ஆடாமல் நிற்கும் அளவுக்கு ஒரு சில மி.மீ. போதும்.

4. எத்தனை கிலோ ஸ்பிரிங்?

இதற்கு நல்ல அளவுகோல் கார் ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை ஏறி இறங்கும் என்பது. சாதாரணக் குடும்பக் கார் 1 முதல் 1.5 வரை. உற்சாகமாக ஓட்டவும் வேண்டும், பின் இருக்கையில் அம்மாவும் இருக்க வேண்டும் என்றால் 1.5க்கும் 2க்கும் நடுவில். 2க்கு மேல் போனால் அது ஓட்டுபாதைக்கானது.

கணக்கு எளிது. சில்லுக்கான கடினத்தை அந்தச் சில்லு தாங்கும் எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 15.8ஆல் பெருக்குங்கள். 2011இல் வந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஏறத்தாழ 1050 கிலோ. முன்பக்கத்தில் 660 கிலோ என்று கொண்டால் ஒரு பக்கம் 330. சில்லு, பிரேக், ஹப் என்று ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவதைக் கழித்தால் 295 அளவில் வரும். ஸ்ட்ரட்டின் 0.95ஆல் இரண்டு தடவை பெருக்கிய பிறகு, 4 கிலோ ஸ்பிரிங் போட்டால் 1.7. 5 கிலோ போட்டால் 1.95. 7 கிலோ போட்டால் 2.3. எனக்கு முதலில் கிடைத்த செட்டில் முன்னுக்கு 7. காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவிலுள்ள ஈச்சமரங்களை எண்ணிக்கொண்டே மெதுவாகப் போனாலும் முதுகு எண்ணியது வேறு கணக்கு.

இப்போது 4.5 போட்டிருக்கிறேன். ஏ4இல் நூறுக்குக் கீழே எந்த வேகத்திலும் அமைதி. பதுளைப் பக்கம் ஏறும்போதும் குறையாகத் தெரியவில்லை.

செக்கனுக்கு எத்தனை தடவை என்ற இந்த எண், பின்பக்கத்தில் முன்பக்கத்தைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். முன்சில்லு மதகில் ஏறி இறங்கிய பிறகுதான் பின்சில்லு ஏறும். தாமதமாகத் தொடங்குகிற பின்பக்கம் கொஞ்சம் விரைவாக ஆடினால் இரண்டும் ஒன்றாய் வந்து சேரும். கார் ஊஞ்சல் ஆடாது. பெட்டிச் செட்டுகளில் இது ஓரளவு பார்த்தே கொடுத்திருப்பார்கள். தனித்தனியாக ஸ்பிரிங் வாங்கிப் பொருத்துகிறவர்தான் கவனிக்க வேண்டும்.

5. ஷொக்கின் வகை

இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய் என்று இரண்டு. ஒற்றைக் குழாயில் உள்ளே பெரிய பிஸ்டன், எண்ணெய்க்குப் பின்னால் மிதக்கும் தடுப்பு, அதற்கும் பின்னால் உயர் அழுத்த வாயு. குழாயின் வெளிச்சுவர் நேராகக் காற்றில் படுவதால் சூடு சீக்கிரம் இறங்கும். தொடர்ந்து அடித்து ஓட்டினாலும் எண்ணெய் நுரைத்துத் தளராது. ஆனால் அதே சுவரில்தான் பிஸ்டன் ஓடுகிறது. கிறவல் கல் ஒன்று பட்டு நசுங்கினால் பிஸ்டன் அந்த இடத்தில் இறுகிவிடும். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் தன்பாட்டில் ஓடும். உராய்வு குறைவு, அதே நீளத்தில் கூடுதல் பயணம் தர முடியும், விலையும் குறைவு. நீண்ட நேரம் அடித்து ஓட்டினால் சூட்டில் தளரும்.

ஒற்றைக் குழாய்தான் உயர்ந்தது என்று பலர் எழுதுவார்கள். நம் ஊரில் தினமும் ஓடும் காருக்கு நான் அப்படிச் சொல்லமாட்டேன். நல்ல இரட்டைக் குழாய், மலிவான ஒற்றைக் குழாயை எப்போதும் வெல்லும்.

அடிக்கடி காதில் விழும் பெயர்கள் சில. ஜப்பானின் டெயின் ஃப்ளெக்ஸ் இசட்: இரட்டைக் குழாய், முழுநீள உயர மாற்றம், 16 கிளிக். பிரித்து மீளமைக்க முடியாது, போனால் அந்த ஒரு ஷொக்கை மட்டும் புதிதாக வாங்க வேண்டும். தாய்வானின் பிசி ரேசிங் பிஆர்: ஒற்றைக் குழாய், 30 கிளிக், மீளமைக்கலாம், ஓடர் கொடுக்கும்போதே ஸ்பிரிங் கடினத்தைக் கேட்டு வாங்கலாம். ஜேர்மனியின் பில்ஸ்டீன் பி14: ஒற்றைக் குழாய், உயரம் மட்டும் மாறும், கிளிக்கே கிடையாது. அவர்களே பார்த்து அமைத்துக் கொடுத்ததை அப்படியே நம்பி ஓட்ட வேண்டும். கைவைத்துக் கெடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒரு வரம். கேடபிள்யூ: மூன்று படிநிலை. முதலாவதில் கிளிக் இல்லை, இரண்டாவதில் ரீபவுண்ட் (அமுங்கிய ஷொக் திரும்ப நீள்வது) மட்டும், மூன்றாவதில் அமுக்கமும் ரீபவுண்டும் தனித்தனியே. அதற்கும் மேலே சுவீடனின் ஓலின்ஸ்; பணம் இருக்கிறவர்களுக்கு என் வழிகாட்டி தேவைப்படாது.

கிளிக் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். ஒரே ஒரு குமிழ் உள்ள ஷொக்கில் அதைத் திருப்பினால் பெரும்பாலும் ரீபவுண்ட் மாறும், கூடவே அமுக்கமும் கொஞ்சம் மாறும். முப்பது கிளிக்கில் உண்மையில் வித்தியாசம் தெரிவது ஐந்தோ ஆறோ இடத்தில்தான். கடைசிப் பத்துக் கிளிக்கில் ஒரு மாற்றமும் தெரியாத செட்டை நானே வைத்திருந்தேன்.

6. உப்பு

1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தின் இரும்பை அருகில் நின்று பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்தவருக்கு இந்தப் பகுதியை விளக்கவே வேண்டாம்.

கொயிலோவரின் உடல் பெரும்பாலும் இரும்பு. கொலர் பெரும்பாலும் அலுமினியம். இரண்டு வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் உப்புநீர் நின்றால், அது ஒரு சிறு பற்றரி. அலுமினியம் தன்னைத் தின்னக் கொடுக்கும். தின்ற இடத்தில் வெள்ளைப் பொடி வரும். அந்தப் பொடி உலோகத்தைவிடக் கூடுதல் இடம் பிடிப்பதால் மரை இடுக்கு முழுவதும் நிரம்பி, கொலரையும் உடலையும் ஒட்டவைத்துவிடும். ஆரையம்பதியில் வெட்டி எடுத்த என் கொலரின் உட்பக்கம் சுண்ணாம்பு பூசியது போல் இருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. அடியில் மரையே இல்லை.

கடற்கரைப் பக்கத்தில் வீடு என்றால் காரை ஓட்டவே தேவையில்லை, நிறுத்தி வைத்தாலே போதும், காற்று வேலையைச் செய்துவிடும். அதற்கு மேல் கார்த்திகை, மார்கழியில் வீதியில் நிற்கும் வெள்ளம். வாவி ஏறி வந்த தண்ணீரில் உப்பும் மணலும் சேர்ந்தே வரும். மணல் தண்டின் வாயிலுள்ள சீலைத் தேய்க்கும், சீல் தேய்ந்தால் எண்ணெய் வடியும்.

அதனால் வாங்கும்போது பாருங்கள்: உடல் துருப்பிடிக்காத உருக்கா, இல்லையென்றால் துத்தநாகப் பூச்சாவது இருக்கிறதா? வெறும் வர்ணம் பூசியது நமக்கு ஆகாது. கேடபிள்யூவின் உடல் துருப்பிடிக்காத உருக்கு, கொலர் பிளாஸ்திக் கலவை. இரண்டு உலோகம் தொடுகிற பிரச்சினையே அங்கே இல்லை. டெயினில் உடலுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. தண்டுக்கு இரப்பர் உறை கட்டாயம் வேண்டும். உறை இல்லாமல் வருகிற செட்டைப் போட்டியாளருக்கு விட்டுவிடுங்கள். உதிரிப்பாகமாகக் கொலரும் சீலும் தனியே கிடைக்குமா என்பதையும், மீளமைக்க எங்கே அனுப்ப வேண்டும் என்பதையும் பணம் கொடுக்கும் முன் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

பூட்டும் அன்றே செய்ய வேண்டியது: மரை முழுவதும் ஒட்டுத்தடுப்புக் கிரீஸ் மெல்லியதாய்ப் பூசி, உயரம் தீர்மானமான பிறகு வெளியே தெரியும் மரைமீது மெழுகு ஸ்பிரே. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் சில்லுக்குள் பீச்சிக் கழுவுங்கள். உயர் அழுத்தக் குழாயை நேராகச் சீலில் பிடிக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குறிப்பாகத் தைப்பொங்கல் கழிந்து மழை விட்டதும், ஒரு பழைய பல்துலக்கியால் மரையைத் தேய்த்துத் துடைத்து, பூட்டுக் கொலரைத் தளர்த்திக் கால் சுற்று அங்கே, கால் சுற்று இங்கே ஆட்டி, பழைய இடத்துக்கே கொண்டுவந்து இறுக்குங்கள். அரை மணித்தியால வேலை.

7. டொப் மவுண்ட்

ஷொக்கின் மேல்முனையைக் காரின் உடலோடு பிடிக்கும் பாகம்தான் இது. மேலே இரப்பர் மவுண்டா, பந்து மூட்டா? பந்து மூட்டில் ஸ்டியரிங் துல்லியமாகும், சத்தமும் கூடும். மணல் புகுந்தால் ஒரு வருடத்தில் டக் டக் என்று பேசத் தொடங்கும். தினசரி ஓட்டத்துக்கு இரப்பரே போதும். முன்பக்கக் கெம்பர் (சில்லின் சாய்வு) மாற்றும் தட்டு வேண்டும் என்கிறவர்கள் பந்து மூட்டை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

8. பாவித்த செட் வாங்குவதென்றால்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த செட்டுகள் கிடைக்கும். நல்லதும் உண்டு. எனக்கு வாய்த்தது மற்றது. போகும்போது ஒரு ஸ்பனரும், வெள்ளைத் துணியும், பொறுமையும் கொண்டு போங்கள்.

முதலில் கொலரைச் சுற்றிப் பாருங்கள். கடையில் காய்ந்த நிலையிலேயே சுற்றாதது காரில் ஒருநாளும் சுற்றாது. அடுத்து தண்டைத் துணியால் துடைத்து நகத்தை மேலிருந்து கீழே ஓடவிடுங்கள். குறோமில் ஒரு குழி தட்டுப்பட்டாலும் வேண்டாம், அந்தக் குழி சீலைத் தின்னும். துணியில் எண்ணெய்ப் பசை வந்தாலும் வேண்டாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுத் தண்டை அமுக்கினால் ஒற்றைக் குழாய் தானாக எழும்பி வர வேண்டும். எழும்பாவிட்டால் வாயு போய்விட்டது. அமுக்கும்போது நடுவில் ஓரிடத்தில் மட்டும் பிடி விட்டுப் போனாலும் அது முடிந்த ஷொக். நான்கிலும் குமிழ் முதல் கிளிக்கிலிருந்து கடைசிக் கிளிக் வரை ஒவ்வொன்றாக நகர்கிறதா என்று எண்ணுங்கள். ஸ்பிரிங்கில் பதித்திருக்கும் எண்களை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். அன்றே பணம் கொடுக்க வேண்டாம்.

புதிது என்று மிக மலிவாக வருவதில் நகல்கள் உண்டு. தொடர் இலக்கம் இல்லாத பெட்டி, பெயரில் ஒரு எழுத்து மாறின ஸ்டிக்கர், இவற்றைப் பார்த்தால் விலகிப் போங்கள்.

9. பூட்டுவதும் உயரமும்

இப்போதுதான் உயரம். நான்கு சில்லிலும் ஹப்பின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள், கம்பனி ஷொக்கைக் கழற்றும் முன்பே. பதிப்பது 20 முதல் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரட் காரில் அதற்கு மேல் போவதில் ஒரு பொறி இருக்கிறது. பதியப் பதியக் கீழ்க்கையின் வெளிமுனை உள்முனையைவிட மேலே ஏறிவிடும். அப்போது கார் சாயும் மையம், காரின் பாரமையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் கூடுவதால் கார் முன்னைவிட அதிகம் சாயப் பார்க்கும். பதித்த கார் நன்றாகத் திரும்பும் என்று நினைத்துப் பதிக்கிறோம், அது எதிர்ப்பக்கம் போகிறது. கீழ்க்கை கிடையாக நிற்கிற உயரத்தோடு நிறுத்துங்கள்.

மெக்கானிக்கிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று: இரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சில்லு தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. கார் தரையில் நிற்கும் உயரத்தில் கீழ்க்கையை ஜாக்கால் தாங்கி வைத்துத்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் எந்நேரமும் முறுகியபடியே இருந்து சில மாதத்தில் கிழியும். அவசரத்தில் பாதிப்பேர் இதைச் செய்வதில்லை. பக்கத்தில் நின்று பாருங்கள், தேநீரும் வாங்கிக் கொடுங்கள்.

பூட்டி ஒரு சில நூறு கிலோமீற்றர் ஓடினால் ஸ்பிரிங் சற்று அமரும். அதன் பிறகு உயரத்தை மீண்டும் அளந்து, இடமும் வலமும் சமன் செய்து, பிறகுதான் வீல் அலைன்மென்ட். முதல் நாளே செய்தால் காசு இரண்டு தடவை. உயரம் மாறினால் டோ (சில்லுகள் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் கோணம்) கட்டாயம் மாறும், அதைச் சரிசெய்யாமல் ஓடினால் டயரின் உள் விளிம்பு யாருக்கும் தெரியாமல் தேயும். ஹெட்லைட்டின் குறியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஷொக்கின் குமிழை முழுதாக இறுக்கிய நிலையைப் பூச்சியம் என்று வைத்து அங்கிருந்து திறந்து எண்ணுங்கள். இறுகும் இடத்தில் பலவந்தம் வேண்டாம், ஊசி கெட்டுவிடும். நடுவில் வைத்து, நன்றாகத் தெரிந்த ஒரே வீதியில், அனுமதித்த வேகத்தில் ஓடிப் பாருங்கள். மதகு கடந்த பிறகும் கார் ஒன்றரைத் தடவைக்கு மேல் ஆடினால் இரண்டு கிளிக் இறுக்குங்கள். சிறு சிறு மேட்டில் டயர் தத்தித் தத்திப் போனால் இரண்டு கிளிக் விடுங்கள். இடமும் வலமும் எப்போதும் ஒரே எண். ஒரு நாளில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்தால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும். என்னிடம் இதற்கென்றே ஒரு கொப்பி இருக்கிறது.

காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவித்துப் பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். மிகப் பதிந்த காரைப் பொலிஸ் மறித்தால் அந்தக் கடிதம் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு உயரம்தான் உதவும்.

கழற்றிய கம்பனி ஷொக்கையும் ஸ்பிரிங்கையும் விற்றுவிடாதீர்கள். கொயிலோவரை மீளமைக்கக் கொழும்புக்கு அனுப்பும் நாட்களில் கார் அதில்தான் ஓடும், காரை விற்கும்போது வாங்குகிறவர் அதைத்தான் கேட்பார். தண்டில் கிரீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றி, நிமிர்த்தி வையுங்கள். என்னுடையவை குசினிப் பரணில் அரிசிச் சாக்குக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு பொங்கலுக்கும் வீடு துடைக்கும்போது அம்மா அதை இறக்கச் சொல்வார், நான் வேறு மூலைக்கு நகர்த்தி வைப்பேன்.